டீசல் வண்டி இழுக்க மாட்டேங்குது, புகை தள்ளுது: நாசில், டர்போல கைய வைக்கிறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

என்கிட்ட ஒரு பழைய ரெண்டு லிட்டர் டீசல் இருந்துச்சு. மேடு வந்தா முக்கும், மிதிச்சா பின்னாடி வர்றவனுக்கு ரோடே தெரியாத அளவுக்கு கரும்புகை. கொண்டு போய் காட்டுன இடத்துல ரெண்டு தடவ ரேஸ் பண்ணி பாத்துட்டு நாசில் (டீசல பீச்சுற இன்ஜெக்டரோட முனை) போச்சுன்னாங்க, நாலு இன்ஜெக்டரையும் கழட்டி சர்வீஸ் பண்ணி மாட்டியாச்சு, புகை அப்படியே இருக்கு. அடுத்து டர்போன்னாங்க, அதாவது காத்த அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளுற விசிறி. அங்கதான் எனக்கு சந்தேகம் வந்து நானே கீழ படுத்து பாத்தேன், இன்டர்கூலருக்கு (டர்போ தள்ளுற காத்த ஆற வைக்கிற ரேடியேட்டர்) போற ரப்பர் ஓஸோட அடிப்பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். வண்டி நிக்கும்போது ஒட்டிக்கிட்டு மூடியே இருக்கும், பூஸ்ட், அதாவது டர்போ குடுக்குற காத்தழுத்தம், ஏறுனா மட்டும் வாயத் திறக்கும், அதனால ஐட்லிங்ல எவ்வளவு நேரம் பாத்தாலும் தெரியாது. ஒரு ஓஸ், ரெண்டு கிளாம்ப், அவ்ளோதான் வேலை. அதுலேர்ந்து யார் புகைன்னு வந்தாலும் மொதல்ல காத்து, அப்புறம்தான் டீசல், அதுக்கப்புறம்தான் இன்ஜினுக்குள்ளன்னு இந்த வரிசையிலதான் பாக்குறேன். அதத்தான் இங்க முழுசா எழுதுறேன்.

ஏன் காத்து மொதல்லன்னு ஒரு நிமிஷம் சொல்லிடுறேன். பெட்ரோல் வண்டி மாதிரி டீசல்ல காத்த அடச்சு பவர குறைக்கிறது கிடையாது, கிடைக்கிற காத்த எல்லாம் உள்ள இழுத்துக்கும், எவ்வளவு டீசல் பீச்சுறோம்ங்கிறத வச்சுதான் பவர். ஒரு கிலோ டீசல் எரிய கிட்டத்தட்ட 14.5 கிலோ காத்து வேணும், ஆனா சிலிண்டருக்குள்ள டீசலும் காத்தும் நல்லா கலக்க நேரமே இருக்காது, அதனால நடைமுறைல அதவிட நெறையவே காத்து மிச்சம் இருந்தாத்தான் புகை இல்லாம ஓடும். காத்து கொஞ்சம் குறைஞ்சாலும் அதே டீசல் பாதி வெந்து கரியா வெளிய வரும், பவரும் சேந்து போகும். அதாவது கரும்புகைங்கிறது நீங்க காசு குடுத்து போட்ட டீசல் எரியாம வெளிய போறது.

வண்டியத் தொடுறதுக்கு முன்னாடி

ஒரு பேப்பர்ல எழுதிக்கங்க, மனசுல வச்சுக்கிட்டா மெக்கானிக் கேக்கும்போது எல்லாமே "ஆமா ஆமா"ன்னுதான் வரும். கோல்டு ஸ்டார்ட்ல மட்டுமா, சூடான பிறகா? கீழ் ஆர்.பி.எம்ல மந்தமா இருந்து மேல போனா சரியாயிடுதா, இல்ல கீழ நல்லா இருந்து மேல ஏற மாட்டேங்குதா? மெதுவா நாள்பட குறைஞ்சுதா, ஒரே நாள்ல போச்சா? எரிபொருள் நிரப்புன உடனேயா? சர்வீஸ் விட்டு எடுத்த உடனேயா? அந்த கடைசி கேள்விய சிரிச்சுட்டு விட்றாதீங்க, ஏர் ஃபில்டர் மாத்தும்போது ஒரு சென்சார் பிளக்க மாட்ட மறந்தது, ஓஸ சரியா உக்கார வைக்காதது எல்லாம் நான் நெறைய பாத்துட்டேன்.

முக்கியமான இன்னொரு கேள்வி: பவர் போன பிறகு வண்டிய ஓரமா நிப்பாட்டி சாவிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாகுதா? ஆச்சுன்னா இன்ஜின் தேய்ஞ்சு போகல, கம்ப்யூட்டர் ஏதோ ஒரு ரீடிங்க பாத்து பயந்து லிம்ப் மோடுக்கு (பவர குறைச்சு ஓட விடுற பாதுகாப்பு நிலை) போயிருக்கு. அந்த ரீடிங் என்னன்னு கண்டுபுடிக்கிறதுதான் உங்க வேலை, இன்ஜின பிரிக்கிறது இல்ல.

அப்புறம் இது இன்ஜின் பிரச்சனைதானான்னும் ஒருதடவ உறுதி பண்ணிக்கங்க. டாப் கியர்ல போகும்போது நல்லா மிதிச்சா ஆர்.பி.எம் ஏறுது, வேகம் ஏறலன்னா அது கிளட்ச் ஸ்லிப். கொஞ்ச தூரம் ஓட்டிட்டு நாலு வீல் பக்கமும் கைய கொண்டு போங்க, ஒன்னு மட்டும் அனலடிச்சா பிரேக் புடிச்சுக்கிட்டே ஓடுது. மலை மேல போனா இழுவை குறையுறதும் இயல்புதான், 1000 மீட்டர் ஏறுனா காத்தழுத்தம் சுமார் பத்துல ஒரு பங்கு குறையும், டர்போ இருந்தா அது ஓரளவு ஈடு கட்டும்.

புகைய பாக்குற விதம்

வெட்ட வெளில வச்சு பாருங்க, மூடுன ஷெட்டுக்குள்ள வேண்டாம். கலர மட்டும் பாக்காம எப்ப வருது, எவ்வளவு நேரத்துல கலையுது, என்ன வாசனைன்னு மூணையும் சேத்து பாக்கணும்.

கருப்புன்னா காத்து பத்தல இல்ல டீசல் அதிகம். வெள்ளைன்னா ரெண்டு வகை, எரியாத டீசலா இருந்தா கண்ணு எரியும், டீசல் நாத்தம் அடிக்கும், காத்துல அப்படியே மிதந்துகிட்டு இருக்கும். தண்ணி ஆவியா இருந்தா சீக்கிரம் கலைஞ்சுடும், கூலன்ட் கலந்திருந்தா லேசா இனிப்பு வாசனை வரும். குளிர்ற காலைல ரெண்டு நிமிஷம் ஆவி வர்றது ஒன்னும் தப்பில்ல. நீலம்னா இன்ஜின் ஆயில் எரியுது.

நாலாவது ஒன்னு இருக்கு, அத யாரும் சொல்ல மாட்டாங்க: புகையே இல்லாம பவர் மட்டும் போறது. இங்க காத்து இருக்கு, டீசல்தான் பத்தல, இல்ல கம்ப்யூட்டரே டீசல குறைச்சுடுச்சு. என்னப் பொறுத்தவரை மொத்த டயக்னோசிஸ்ல பாதிய இந்த ஒரு வித்தியாசமே முடிச்சுடும். கரும்புகையோட போனா காத்துப் பாதையப் பாரு, புகையில்லாம போனா டீசல் பாதையப் பாரு.

ஆனா ஒரு எச்சரிக்கை, டி.பி.எஃப் (சைலன்சர் பாதைல கரிய புடிக்கிற ஃபில்டர்) இருக்கிற வண்டில இந்த கணக்கு அப்படியே வராது. ஃபில்டர் கரிய எல்லாம் புடிச்சு வச்சுக்கும், உள்ள எவ்வளவு மோசமா எரிஞ்சாலும் சைலன்சர் சுத்தமாத்தான் இருக்கும், புகைக்கு பதிலா அடிக்கடி ரீஜெனரேஷன் (புடிச்ச கரிய வண்டியே சூடாக்கி எரிக்கிறது) வர்றதுதான் அறிகுறி. டி.பி.எஃப் வச்ச வண்டில கரும்புகை கண்ணுக்கு தெரியுதுன்னா ஃபில்டர் உடைஞ்சிருக்கு, இல்ல முன்னாடி வச்சிருந்தவரு எடுத்துட்டாரு.

காத்துப் பாதை, இங்க அவசரப்படாதீங்க

ஏர் ஃபில்டர எடுத்து வெளிச்சத்துக்கு எதிர பிடிச்சு பாருங்க. அந்த பெட்டிக்குள்ள இலை, பிளாஸ்டிக் பை, எலிக்கூடு எதுவும் இருக்கான்னும் பாருங்க, காமெடி இல்ல, நெசமாவே இருக்கும்.

அடுத்து டர்போவோட வெளிய வர்ற பக்கத்துலேர்ந்து இன்டர்கூலர், அங்கேர்ந்து இன்டேக் மேனிஃபோல்டு (காத்த சிலிண்டர்களுக்கு பிரிச்சு விடுற குழாய்) வரைக்கும் ஒவ்வொரு ஓஸையும் கையால தடவிக்கிட்டே போங்க, கண்ணு போகாத அடிப்பக்கத்துக்கு விரல் போகணும். கிழிசல் இருக்கிற இடத்துல எண்ணெய்ப் பிசுக்கோட தூசி ஒட்டி கருப்பா திட்டு கட்டியிருக்கும், ஏன்னா பிரீதர் (இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவிய வெளிய விடுற குழாய்) வழியா வர்ற ஆயில் ஆவி அந்த ஓட்டை வழியாத்தான் வெளிய அடிக்கும். ஓஸுக்கு உள்பக்கம் மெல்லிசா ஆயில் படிஞ்சிருந்தா அது சாதாரணம், அதக் காட்டி டர்போ போச்சுன்னு சொன்னா நம்பாதீங்க, குளமா தேங்கி நின்னாத்தான் யோசிக்கணும். கண்ணுல படலன்னா டர்போவுக்கு காத்து போற வாய மூடி லேசா அரை பார்லேர்ந்து ஒரு பார் வரைக்கும் அழுத்தம் குடுத்து சோப்புத்தண்ணி தெளிச்சு பாக்கலாம், இன்டர்கூலர் மூலைகள்ல பொடிசா விரிசல் இருந்தா அதுல நுரை கட்டிடும். ஓட்டும்போது கண்ணாடிய இறக்கிட்டு செகண்ட் கியர்ல மிதிச்சா "உஸ்ஸ்ஸ்"னு ஒரு சத்தம் வந்தாலும் அதேதான்.

ஓஸ் எல்லாம் நல்லா இருந்தா டர்போவ கட்டுப்படுத்துற சமாச்சாரத்துக்கு வாங்க. டர்போ தானா சாகுறது கம்மி, அத ஆட்டி வைக்கிற ஸ்ட்ரா மாதிரி மெல்லிசான வேக்கம் ஓஸ், சோலனாய்டு (கரன்ட்ல திறந்து மூடுற வால்வு), ஆக்சுவேட்டர் (ராட இழுத்து டர்போவ ஆட்டுறது) இதுங்கதான் முன்னாடி போகும். வேக்கத்துல ஓடுற வகையா இருந்தா, இன்ஜின் ஐட்லிங்ல ஒரு கேஜ போட்டு பாத்தா 600 மில்லிமீட்டர் மெர்குரிக்கு மேல காட்டணும். குறைவா காட்டி, கூடவே பிரேக் பெடலும் கல்லு மாதிரி இருந்தா வேக்கம் பம்ப்பே சரியில்ல. கை பம்ப்பால ஆக்சுவேட்டருக்கு வேக்கம் குடுத்தா ராடு வழவழன்னு ஒரு சென்டிமீட்டர் போல நகரணும், விட்டா திரும்பணும், நடுவுல திக்கித் திக்கி நகர்ந்தா வேரியபிள் டர்போவோட உள்ள இருக்கிற, புகை போற வழிய அகலமாவும் ஒடுக்கமாவும் ஆக்குற இதழ்கள் கரி புடிச்சு இறுகியிருக்கு.

இதுல லட்சணம் எப்படி மாறும்னு புரிஞ்சா நல்லது. இதழ் திறந்தபடி சிக்கிக்கிட்டா கீழ் ஆர்.பி.எம்ல செத்தபொணம் மாதிரி இருக்கும், கரும்புகையும் வரும், 3000 தாண்டுனா திடீர்னு உயிர் வரும். மூடுனபடி சிக்கிக்கிட்டா ஆரம்பத்துல சூப்பரா இழுக்கும், ஓவர்டேக் பண்ணும்போதோ நீளமா மேடு ஏறும்போதோ பூஸ்ட் அளவு மீறி லிம்ப் மோடுக்கு போயிடும். வேஸ்ட்கேட் (அதிகப்படி புகைய டர்போவுக்கு போகாம திருப்பி விடுற கதவு) வகை திறந்தே நின்னுட்டா எல்லா ஆர்.பி.எம்லயும் ஒரே மாதிரி சொத்தையா இருக்கும்.

டர்போவயே பாக்கணும்னா, இன்ஜின் ஆஃப்ல, ஆறுன பிறகு, காத்து உள்ள போற ஓஸ கழட்டிட்டு விசிறியோட நடு ஷாஃப்ட புடிச்சு ஆட்டுங்க. பக்கவாட்டுல லேசா ஆட்டம் இருக்கலாம், ஆனா இறக்கை சுவர்ல உரசக் கூடாது. முன்னும் பின்னும் இழுத்தா கையில தெரியுற அளவுக்கு ஆட்டம் இருந்தா பேரிங் முடிஞ்சது. இன்ஜின் ஓடும்போது அந்த ஓஸ கழட்டிட்டு கைய கிட்ட கொண்டு போகாதீங்க, ஐட்லிங்லயே அந்த விசிறி விரல எடுத்துடும்.

அப்புறம் இ.ஜி.ஆர். இது எரிஞ்ச புகைய கொஞ்சம் திரும்ப உள்ள விடுற வால்வு. கரி படிஞ்சு திறந்தே நின்னுட்டா நல்ல காத்து வர வேண்டிய இடத்துல புகை போகுது, அதனால கீழ் ஆர்.பி.எம்ல திணறல், கருப்பா புகை, ஐட்லிங்ல லேசா குலுக்கல். கழட்டி பாத்தா இன்டேக் வாசல் பாதி அடைஞ்சு தார் மாதிரி இருக்கும். ஸ்ப்ரே அடிச்சு சுத்தம் பண்ணும்போது மேனிஃபோல்டுக்குள்ள கட்டி விழாம துணிய வச்சு அடைச்சுக்கங்க.

ஸ்கேனர் போட்டா எத படிக்கணும்

நெறைய பேரு கோடு (கம்ப்யூட்டர் பதிஞ்சு வச்ச கோளாறு நம்பர்) மட்டும் எடுத்துட்டு அந்த பார்ட்ட மாத்திடுறாங்க. பி0299னு வந்தா பூஸ்ட் குறைவுன்னுதான் அர்த்தம், டர்போவ மாத்துன்னு அர்த்தம் இல்ல, கிழிஞ்ச ஓஸுக்கும் அதே கோடுதான் வரும். பி0234 பூஸ்ட் அதிகம், பி0087 ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் குடுக்குற குழாய்) பிரஷர் குறைவு, பி0401 இ.ஜி.ஆர் ஓட்டம் பத்தல. கோட அழிக்கிறதுக்கு முன்னாடி ஃப்ரீஸ் ஃபிரேம் டேட்டாவ படம் எடுத்து வச்சுக்கங்க, கோடு விழுந்த நேரத்துல ஆர்.பி.எம், லோடு, வேகம் எல்லாம் அதுல இருக்கும்.

லைவ் டேட்டாதான் அசல் சரக்கு. இன்ஜின ஸ்டார்ட் பண்ணாம சாவிய மட்டும் ஆன் பண்ணா பூஸ்ட் சென்சார் வெளிக் காத்தழுத்தத்த காட்டணும், கடல் மட்டத்துல சுமார் 100 கிலோபாஸ்கல். அங்கயே 80ஓ 120ஓ காட்டுனா சென்சாரே பொய் சொல்லுது, மத்ததெல்லாம் அப்புறம். பிறகு பக்கத்துல ஒருத்தர உக்கார வச்சு ரெக்கார்டு பண்ண சொல்லிட்டு, ஆளில்லாத நேரான ரோட்டுல தேர்டு கியர்ல 1500லேர்ந்து முழுசா மிதிச்சு ஏத்துங்க. கேட்ட பூஸ்ட், கிடைச்ச பூஸ்ட், கேட்ட ரெயில் பிரஷர், கிடைச்ச ரெயில் பிரஷர், காத்து அளவு, இந்த அஞ்சு போதும். எது எதுலேர்ந்து எப்ப பிரியுதுன்னு பாத்தா பாதை தெரிஞ்சுடும். நின்ன இடத்துல சும்மா ரேஸ் பண்ணி பாக்குறதுல பிரயோஜனம் இல்ல, லோடு இல்லாம டர்போ பூஸ்டே கட்டாது.

காத்த அளக்குற மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார நம்பலாமான்னு ஒரு கணக்கு இருக்கு. ரெண்டு லிட்டர் நாலு சிலிண்டர்னா ஒரு சிலிண்டர் அரை லிட்டர், ஒரு லிட்டர் காத்து 1.2 கிராம்னு வச்சா ஒரு இழுப்புக்கு 600 மில்லிகிராம், காத்து சூடாகுறது, இழப்பு எல்லாம் போக ஐட்லிங்ல இ.ஜி.ஆர் மூடியிருந்தா 450, 500 பக்கம் வரணும், இ.ஜி.ஆர் திறந்தா 250, 300ன்னு இறங்கணும். இ.ஜி.ஆர் பிளக்க கழட்டியும் ரீடிங் 300லயே நிக்குதுன்னா வால்வு மூடல, இல்ல சென்சார் அழுக்கா இருக்கு. இந்த ஒரு டெஸ்ட்ல ரெண்டு பேரையும் விசாரிச்சாச்சு. சில பழைய வண்டிகள்ல சென்சார் பிளக்க கழட்டிட்டு ஓட்டுனா இழுவை திரும்பி வரும், அப்படி வந்தா குற்றவாளி அவன்தான்.

டீசல் பக்கம்

புகையில்லாம, மேல் ஆர்.பி.எம்ல "காலு மிதிச்சாலும் போக மாட்டேங்குது"ன்னா முதல் சந்தேகம் டீசல் ஃபில்டர். கீழ இருக்கிற குழாயத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டில்ல புடிச்சு கொஞ்ச நேரம் வைங்க, தண்ணி இருந்தா அடில தனியா நிக்கும். ஃபில்டர் புதுசா இருந்தும் பிரச்சனைன்னா டேங்க்லேர்ந்து பம்ப்புக்கு வர்ற வழில ஏர் எடுக்குதான்னு பாக்க ஒரு அடி டிரான்ஸ்பரன்ட் குழாய நடுவுல போடுங்க, சூடான பிறகும் விடாம குமிழி ஓடுனா எங்கயோ வாசர் இல்ல கனெக்ஷன் லூசு. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகள்ல பாதி கேஸ் இதுலயே முடிஞ்சுடும்.

காமன் ரெயில்ல, அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாய்லேர்ந்து டீசல் போற வகைல, ஐட்லிங் பிரஷர் பொதுவா 250லேர்ந்து 350 பார், முழு லோடுல 1600, புது வண்டிகள்ல 2000ம் தாண்டும். அதனாலதான் சொல்றேன், பழைய வண்டில பண்ண மாதிரி ஓடும்போது இன்ஜெக்டர் பைப்பு நட்ட லூஸ் பண்ணி எந்த சிலிண்டர் வேலை செய்யலன்னு பாக்குற பழக்கத்த இதுல செய்யவே கூடாது. அந்த ஊசி மாதிரி டீசல் தோல ஓட்டை போட்டு உள்ள போயிடும், வெளிய சின்ன புள்ளியாத்தான் தெரியும், வலி கூட உடனே இருக்காது, ஆனா விரலையே இழக்குற அளவுக்கு போகும், அப்படி ஆச்சுன்னா நேரா ஆஸ்பத்திரிதான்.

பிரஷர் ஏறலன்னா பம்ப்ப சொல்றதுக்கு முன்னாடி இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட், அதாவது பீச்சாம மிச்சமாகி டேங்க்குக்கு திரும்புற டீசல அளக்குறது. ஒவ்வொரு இன்ஜெக்டரோட ரிட்டர்ன் வாய்லயும் ஒரே அளவு குழாய், ஒரே அளவு பாட்டில், ஐட்லிங்ல ரெண்டு மூணு நிமிஷம் ஓட விடுங்க. மூணு சமமா இருந்து ஒன்னு மட்டும் ரெண்டு மடங்கு நிறைஞ்சா அந்த இன்ஜெக்டர் உள்ளுக்குள்ள கசியுது. சூடானா ஸ்டார்ட் ஆகாம ஆறுனா ஸ்டார்ட் ஆகுறதும் இதோட அறிகுறிதான். பியசோ (கரன்ட் பட்டா விரியுற படிகத்தால திறக்குற) வகை இன்ஜெக்டர்ல ரிட்டர்ன் லைன்லயே அழுத்தம் நிக்கணும், அதனால அதுல இந்த பாட்டில் வித்தைய அப்படியே செய்ய முடியாது.

இன்ஜெக்டர் சொட்டுனா வேற மாதிரி தெரியும், ஐட்லிங்லயே "டக்டக்"னு தனியா ஒரு தட்டல், அந்த தட்டலோட சேந்து கருப்பு இல்ல வெள்ளைப் புகை. இத நிஜமாவே கண்டுக்கணும், நாள்பட விட்டா பிஸ்டன உருக்கிடும்.

டி.பி.எஃப்

உள்ள புடிச்ச கரி 600 டிகிரி பக்கம் சூடானாத்தான் எரியும், பக்கத்துல பக்கத்துல மட்டும் ஓட்டுற வண்டில அந்த சூடே வராது. ஃபில்டர் அடைஞ்சா இன்ஜின் மூச்சு விட முடியாம புகையில்லாமலே மந்தமாயிடும். பாதில நின்ன ரீஜெனரேஷன் ஒவ்வொன்னும் கொஞ்சம் டீசல இன்ஜின் ஆயில்ல கலந்து விடும், டிப்ஸ்டிக்ல ஆயில் அளவு குறையாம ஏறிக்கிட்டே போனா சந்தோஷப்படாதீங்க, உடனே ஆயில மாத்துங்க. இன்னொன்னு, கரி எரியும், ஆயில்லேர்ந்து வர்ற சாம்பல் எரியாது, அதுக்கு ஃபில்டர கழட்டி சுத்தம் பண்றத தவிர வழியில்ல. அப்புறம் அடிக்கடி அடையுதுன்னா ஃபில்டர் குற்றவாளி இல்ல, மேல சொன்ன காத்துலயோ இன்ஜெக்டர்லயோ எங்கயோ கரி உருவாகுது, அத விட்டுட்டு ஃபில்டர மட்டும் கழுவுனா மறுபடி அங்கயேதான் வந்து நிப்பீங்க.

வெள்ளையும் நீலமும்

காலைல ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு சிலிண்டர் விட்டு விட்டு ஓடி, கண்ணெரியுற வெள்ளைப்புகை வந்து, சூடான பிறகு மறைஞ்சா குளோ பிளக், அதாவது குளிர்ல சிலிண்டர சூடாக்குற பிளக். மல்டிமீட்டர்ல பாத்தா நல்ல பிளக் ஒரு ஓம் பக்கம்தான் காட்டும், போன பிளக் ஓப்பன் சர்க்யூட். புது வகை சில பிளக் அஞ்சு வோல்ட்டுக்கு பக்கத்துல ஓடுறது, பேட்டரிய நேரா குடுத்து செக் பண்ணா அப்பவே எரிஞ்சுடும். பிளக் எல்லாம் நல்லா இருந்தும் தீரலன்னா கம்ப்ரஷன் (பிஸ்டன் காத்த அழுத்துற அளவு) பாக்கணும், டீசலுக்கு 20லேர்ந்து 30 பார் வரைக்கும் வரும், பெட்ரோல் கேஜ் தாங்காது. நாலுல ஒன்னு மட்டும் நாலஞ்சு பார் கீழ இருந்தா அங்க கதை இருக்கு.

கூலன்ட் குறைஞ்சுக்கிட்டே வந்து இனிப்பு வாசனையோட வெள்ளைப்புகைன்னா எல்லாரும் ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜின் மேல்மூடிக்கு அடியில இருக்கிற சீல் போச்சுன்னு ஹெட்ட இறக்கிடுவாங்க. கொஞ்சம் பொறுங்க, இ.ஜி.ஆர் புகைய கூலன்ட்டால ஆற வைக்கிற கூலர்ல விரிசல் விட்டாலும் இதே லட்சணம்தான். கூலர பைபாஸ் பண்ணியோ கழட்டி அழுத்தம் குடுத்தோ பாத்துட்டு அப்புறம் ஹெட்டுக்கு போங்க.

நீலத்துல நேரம்தான் சாட்சி. இறக்கத்துல கால எடுத்துட்டு வந்து மறுபடி மிதிக்கும்போது ஒரு குப்புனு வந்தா வால்வ் சீல். லோடுல விடாம வந்தா பிஸ்டன் ரிங். ஆயில் ஊத்துற மூடிய லூஸா மேல வச்சு பாருங்க, லேசா அதிர்றது சரி, தூக்கி எறிஞ்சா சிலிண்டர்லேர்ந்து ரிங் தாண்டி ஆயில் பக்கம் காத்து கசியுது. ரொம்ப நேரம் ஐட்லிங்ல நின்னுட்டு கிளம்பும்போது மேகம் மாதிரி வந்தா டர்போ சீல், ஆனா அதுக்கு முன்னாடி பிரீதரும் டர்போவோட ஆயில் ரிட்டர்ன் குழாயும் அடைஞ்சிருக்கான்னு பாருங்க, கீழ இறங்க வழியில்லன்னா நல்ல சீலும் கசியத்தான் செய்யும்.

டர்போ சீல் மோசமா போனா, இல்ல ஆயில் லெவல் ரொம்ப ஏறிட்டா இன்ஜின் தன்னோட ஆயிலையே டீசலா குடிச்சு தானா ரேஸ் ஆக ஆரம்பிக்கும், சாவிய ஆஃப் பண்ணாலும் நிக்காது. மேனுவல் கியர்னா டாப் கியர்ல போட்டு பிரேக்க முழுசா மிதிச்சுக்கிட்டு கிளட்ச விட்டு இன்ஜின மூச்சு முட்ட வைங்க, கிளட்ச் போனாலும் பரவால்ல. ஆட்டோமேட்டிக்ல அந்த வழி இல்ல, காத்து உள்ள போற வாய ஒரு பலகையால அடைக்கணும், கையாலயோ துணியாலயோ இல்ல. முடியலன்னா தள்ளி போயிடுங்க, சிதறுற இன்ஜின் பக்கத்துல நிக்குற அளவுக்கு எந்த வண்டியும் பெறாது.

ஏதாவது ஒன்ன சரி பண்ண பிறகு கோட அழிச்சுட்டு அதே ரோடு, அதே தேர்டு கியர், அதே ரெக்கார்டிங்க மறுபடி எடுத்து பழசோட பக்கத்துல வச்சு பாருங்க. சைலன்சருக்குள்ள சேந்த பழைய கரி கொஞ்ச தூரத்துக்கு வந்துகிட்டுதான் இருக்கும், அத பாத்துட்டு சரியாகலன்னு அடுத்த பார்ட்ட கழட்டிடாதீங்க, ரெக்கார்டிங்ல கேட்ட பூஸ்டும் கிடைச்ச பூஸ்டும் ஒட்டி ஓடுதுன்னா வேலை முடிஞ்சது.